வேடந்தாங்கல் கரையில் ஐஎஸ்ஓ பயம்

மார்கழி, தை மாதங்களில் சாயங்காலம் வேடந்தாங்கல் ஏரிக்கரையில் நீண்ட லென்ஸ்களோடு நிற்பவர்களிடையே ஓயாமல் காதில் விழும் அறிவுரை ஒன்று உண்டு: "ஐஎஸ்ஓவை 800க்கு மேல ஏத்தாதீங்க, படம் பூரா நாய்ஸ் வந்துடும்." சொல்கிறவர் பெரும்பாலும் கையில் பழகிய காமிரா வைத்திருக்கும் மூத்தவர், கேட்கிறவர் அண்மையில் காமிரா வாங்கியவர். கேட்டவர் அதை அப்படியே பிடித்துக்கொள்கிறார். வெளிச்சம் மங்க மங்க அவர் எடுக்கும் படங்கள் இருண்டுகொண்டே போகின்றன. வீட்டில் கணினியில் போட்டு வெளிச்சத்தைக் கூட்டினால் நிழல் பகுதிகளில் பொரிப்பொரியாக நாய்ஸ் எழும்புகிறது. "800லேயே இவ்வளவு என்றால் 6400 வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்" என்று அறிவுரையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறார். தன்னைப் பொய்யாக்கும் சான்றையே தனக்குச் சாதகமாக்கிக்கொள்ளும் நம்பிக்கை இது. கானுயிர்ப் படத்தொழிலில் இதைவிட விடாப்பிடியான ஒன்றை நான் அறியேன். என் வாதம் எளிமையானது. நாய்ஸுக்குக் காரணம் ஐஎஸ்ஓ எண் இல்லை, சென்சாரில் வந்து விழுந்த வெளிச்சம் போதாததுதான். இதை ஏற்றுக்கொண்டால் காமிராவில் எதை முதலில் தொடுவது, எதைக் கடைசியில் தொடுவது என்ற வரிசையே தலைகீழாகிவிடும்.

வேடந்தாங்கலைச் சோதனைக் களமாக எடுத்துக்கொள்ளக் காரணம் இருக்கிறது. ஏறத்தாழ 30 ஹெக்டேர் மட்டுமே உள்ள சிறிய ஏரி அது. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் நெல்லுக்கு உரம் என்று கண்டுகொண்ட ஊரார் பறவைகளைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்தார்கள். செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் 1798இல் அந்த உரிமையை அரசு சார்பில் ஒப்புக்கொண்டார். 1936இல் சரணாலயம் என்ற தகுதி வந்தது. 2022இல் பக்கத்துக் கரிக்கிலியைப் போலவே ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றது. இந்த வரலாற்றால் படமெடுப்பவருக்கு நேரும் விளைவு ஒன்றுதான்: ஏரிக்குள் இறங்க முடியாது. கரையில் நின்றுதான் எடுக்க வேண்டும். தண்ணீரில் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களுக்கும் நமக்கும் உள்ள தூரம் நம் விருப்பத்துக்குக் குறையாது. அந்த மரங்களில் ஒரே கிளையில் கறுப்பு நீர்க்காகமும் வெள்ளை அரிவாள் மூக்கனும் அக்கம்பக்கமாகக் கூடு கட்டியிருக்கும். இவை போதாதென்று, நாளின் பெரிய காட்சி மிக மோசமான வெளிச்சத்தில் நடக்கும். வயல்களுக்கும் குளங்களுக்கும் இரை தேடிப் போன கொக்குகளும் அரிவாள் மூக்கன்களும் கூட்டங்கூட்டமாகத் திரும்புவது அந்தி நேரத்தில். வக்கா என்ற இராக்கொக்கு மரத்தை விட்டு வெளியே கிளம்புவதும் அப்போதுதான். தூரம், கறுப்பு வெள்ளை முரண், மங்கல் மூன்றும் ஓரிடத்தில் கூடியிருப்பதால் தவறான கொள்கை எதுவும் இங்கே அதிக நேரம் ஒளிந்துகொள்ள முடியாது.

முதலில் நாய்ஸ் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். ஒளி தொடர்ச்சியான ஒழுக்காக வருவதில்லை. ஃபோட்டான் என்னும் தனித்தனித் துகள்களாக, ஒழுங்கற்ற இடைவெளிகளில் வந்து விழுகிறது. முற்றத்தில் தூறல் விழ ஆரம்பிக்கும் முதல் நிமிடத்தை நினைத்துக்கொள்ளுங்கள்: ஒரு செங்கல்லில் ஐந்து சொட்டு, பக்கத்துச் செங்கல்லில் இரண்டு, அடுத்ததில் ஒன்றுமில்லை, மழை வலுத்தபின் தரை முழுதும் ஒரே மாதிரி நனைந்துவிடும். இந்த ஏற்ற இறக்கத்துக்குக் கணக்கு உண்டு. சராசரியாக எத்தனை ஃபோட்டான் பதிவாகிறதோ அதன் வர்க்கமூலம்தான் ஏற்ற இறக்கத்தின் அளவு. மின்னோட்டத்தில் இதே குணத்தை வால்டர் ஷாட்கி 1918இலேயே விளக்கிவிட்டார். பதினாயிரம் பதிவானால் ஏற்ற இறக்கம் நூறு, அதாவது ஒரு சதவீதம், கண்ணுக்குத் தெரியாது. பதினாறு மட்டும் பதிவானால் ஏற்ற இறக்கம் நான்கு, அதாவது இருபத்தைந்து சதவீதம். மணலை அள்ளித் தூவியது போலத் தெரியும். இது காமிரா நிறுவனத்தின் குறைபாடு அன்று. நாளை எவ்வளவு உயர்ந்த சென்சார் வந்தாலும் வந்து விழாத ஃபோட்டானை அது எண்ண முடியாது. இதற்கு மேல் காமிராவின் மின்சுற்று, பதிவானதைப் படித்தெடுக்கும்போது தன் பங்குக்குக் கொஞ்சம் நாய்ஸ் சேர்க்கிறது. இன்றைய நல்ல காமிராக்களில் அது சில எலக்ட்ரான்கள் அளவே.

கையடக்கமான எண்களை வைத்துப் பார்ப்போம். ஐஎஸ்ஓ 100இல் ஒரு பிக்சல் 64,000 எலக்ட்ரான் கொள்ளும் என்று வைத்துக்கொண்டால், ஐஎஸ்ஓ 6400இல் ஆயிரம் எலக்ட்ரானிலேயே அது வெள்ளையாகிவிடும். அந்த அமைப்பில் அரிவாள் மூக்கனின் வெள்ளைச் சிறகு ஆயிரத்தை நெருங்கும்போது, நீர்க்காகத்தின் நிழல் படிந்த மார்பு அதில் அறுபத்து நான்கில் ஒரு பங்கு, ஏறத்தாழ பதினாறு எலக்ட்ரான்தான் பெறும். சென்சாரின் சொந்த நாய்ஸ் மூன்று எலக்ட்ரான் என்று சேர்த்தால் மொத்த ஏற்ற இறக்கம் முப்பது சதவீதத்தைத் தொட்டுவிடும். இங்கேதான் நம் மூத்தவர் "பார்த்தீர்களா, 6400 வைத்தால் இப்படித்தான்" என்பார். சரி, ஷட்டரையும் அப்பர்ச்சரையும் தொடாமல் ஐஎஸ்ஓவை மட்டும் 800க்கு இறக்கிப் பாருங்கள். நீர்க்காகத்தின் மார்பிலிருந்து வருவது அதே பதினாறு எலக்ட்ரான்தான். ஒன்றுகூடக் கூடவில்லை. படம் மூன்று ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்பது இரு மடங்கு வெளிச்சம்) இருட்டாகப் பதிவாகும். அதைக் கணினியில் தூக்கினால் அதே முப்பது சதவீதம் திரும்பி வரும். பழைய காமிராக்கள் பலவற்றில் இன்னும் மோசம். அவற்றில் சில, தாழ்ந்த ஐஎஸ்ஓவில் இருபது எலக்ட்ரானுக்கு மேல் சொந்த நாய்ஸ் சேர்ப்பவை. ஐஎஸ்ஓவை உயர்த்தினால்தான் அது சிலவாகக் குறையும். பதினாறு எலக்ட்ரான் செய்தியை இருபது எலக்ட்ரான் இரைச்சலில் தேடுவதைவிட ஐஎஸ்ஓவை ஏற்றுவது எவ்வளவோ மேல். ஆக, வெளிச்சமும் ஷட்டரும் அப்பர்ச்சரும் மாறாதபோது உயர்ந்த ஐஎஸ்ஓ நாய்ஸைக் கூட்டுவதில்லை. பல காமிராக்களில் குறைக்கிறது. நம்ப மறுப்பவர் ஒரு கறுப்புக் குடையை மாலை நிழலில் வைத்து, மற்றவற்றை மாற்றாமல் ஐஎஸ்ஓ 400, 1600, 6400 என மூன்று படம் எடுத்து, மூன்றையும் கணினியில் ஒரே வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து அருகருகே வைத்துப் பார்க்கலாம். பத்து நிமிட வேலை.

இவ்வளவு எளிதில் சோதிக்கக்கூடிய ஒன்றில் தவறான எண்ணம் எப்படி நிலைத்தது? ஃபிலிம் காலத்தில் அந்த எண்ணம் சரியானதாக இருந்தது என்பதே பதில். ஃபிலிமில் வேகம் என்பது பொருளின் குணம். வேகமான ஃபிலிமில் வெள்ளி உப்பின் படிகங்கள் பெரியவை. பெரிய படிகம் அதிக ஒளியைப் பிடிக்கும், கழுவியபின் பெரிய பொரியாகத் தெரியும். 400 வேக ஃபிலிம் போட்டவர் 100 வேக ஃபிலிம் போட்டவரைவிடக் கூடுதல் பொரியை விலையாகக் கொடுத்தே ஆக வேண்டும். ரோல் முடியும்வரை மாற்றவும் முடியாது. எழுத்தாளர் அ. மாதவையாவின் மகனான கானுயிர்ப் படக்கலைஞர் மா. கிருஷ்ணன், பாகங்களைச் சேர்த்துத் தானே உருவாக்கி 'சூப்பர் பாண்டெரோசா' என்று பெயரிட்ட காமிராவோடு காடுகளில் அலைந்தவர். கறுப்பு வெள்ளையைக் கடைசிவரை விடாதவர். அவர் தலைமுறைக்கு வேகத்துக்கும் பொரிக்கும் உள்ள கணக்கு வயிற்றுப்பாட்டுக் கணக்கு. அந்தத் தலைமுறையிடம் தொழில் கற்றவர்கள் டிஜிட்டலுக்கு மாறியபோது எண்கள் அதே எண்களாக இருந்ததால் கணக்கும் அதே கணக்கு என்று எடுத்துக்கொண்டார்கள். டிஜிட்டல் காமிராவில் ஐஎஸ்ஓ பொருளின் குணம் இல்லை. சென்சார் ஒன்றுதான். பிடித்த ஒளியைப் பின்னால் எவ்வளவு பெருக்கிக் காட்டுவது என்ற அமைப்பே அந்த எண். ஐஎஸ்ஓ உயர்ந்த படங்களில் நாய்ஸ் அதிகமாகத் தெரிவது உண்மைதான். வெளிச்சம் குறைந்த இடங்களில்தான் ஐஎஸ்ஓவை உயர்த்துகிறோம் என்பது அதற்குக் காரணம்.

அப்படியானால் வெளிச்சத்தை எப்படிக் கூட்டுவது? இங்கேதான் வேடந்தாங்கல் பாடம் சொல்லித்தருகிறது, அதுவும் ஷட்டர் வழியாக. நல்ல வெயிலில் எஃப் 16இல் ஐஎஸ்ஓ எண்ணுக்குச் சமமான ஷட்டர் என்பது பழைய விதி. அதன்படி எஃப் 5.6 லென்ஸில் பறக்கும் பறவைக்கு 1/2000 நொடி வைத்தால் ஐஎஸ்ஓ 250 போதும். சூரியன் விழுந்து சிறிது நேரத்தில் வெளிச்சம் ஆறு ஸ்டாப் குறைந்துவிட்டது என்று கொள்வோம். அதே 1/2000க்கு ஐஎஸ்ஓ 16,000 தேவை. கரையில் நிற்பவர்களில் பலர் காலையில் பறவை பறக்க எடுத்த 1/2000ஐ மாலைவரை மாற்றுவதேயில்லை. கூட்டில் உட்கார்ந்திருக்கும் நத்தைகுத்தி நாரைக்கு 1/2000 எதற்கு? இறகு கோதாத நேரத்தில் 1/250 தாராளம். மூன்று ஸ்டாப் கிடைத்துவிட்டது. ஐஎஸ்ஓ 2000க்கு இறங்கிவிட்டது. அதைவிட முக்கியம், முந்தைய கணக்கில் நீர்க்காகத்தின் மார்புக்குப் பதினாறு எலக்ட்ரான் கிடைத்த இடத்தில் இதே மூன்று ஸ்டாப்பால் நூற்று இருபத்தெட்டு கிடைக்கும். முப்பது சதவீத நாய்ஸ் ஒன்பது சதவீதமாகிவிடும். மென்பொருள் பணம் வாங்கிக்கொண்டு செய்வதை ஷட்டர் சக்கரத்தை ஒன்பது சொடுக்குத் திருப்பியதில் செய்தாகிவிட்டது. 1/250இல் நாலு படம் சேர்த்து அடித்தால் ஒன்றாவது அசைவில்லாமல் வரும். கூட்டுக்குத் திரும்பி இறங்கும் பறவைக்கு இது செல்லாது என்பது உண்மை. இறங்குகிற கணத்தில் சிறகு விரித்து ஏறக்குறைய நின்றுவிடும் பறவைக்கு 1/800 பெரும்பாலும் போதும். குறுக்கே விரைந்து போகும் நீர்க்காகத்துக்குப் போதாது. எதற்கு எவ்வளவு என்பது பறவையின் பழக்கத்தைத் தெரிந்தவருக்கே தெரியும். ஆகவே நாய்ஸைக் குறைக்கும் கலையில் பாதி பறவை பார்க்கும் கலை என்பேன். மீதியில் கொஞ்சம் பணம். எஃப் 4 லென்ஸ் எஃப் 6.3 லென்ஸைவிட இரண்டரை மடங்கு ஒளியை உள்ளே விடும்; விலை எத்தனை மடங்கு என்பதை வாங்கியவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து மீட்டர். காமிராவின் மீட்டருக்கு உலகம் முழுதும் நடுச்சாம்பல். வ்யூஃபைண்டர் நிறைய அரிவாள் மூக்கன் இருந்தால் அதைச் சாம்பலாக்கும். நிறைய நீர்க்காகம் இருந்தால் வெளுக்கவைக்கும். இருண்ட இலைகளுக்கு முன்னால் சிறிய வெள்ளைக் கொக்கு இருந்தால் இலைகளைப் பார்த்து ஏமாந்து கொக்கைச் சுண்ணாம்புக் கட்டியாக்கிவிடும். "வெள்ளைப் பறவைக்கு ஒன்று கூட்டு, கறுப்புப் பறவைக்கு ஒன்று குறை" என்ற வாய்ப்பாடு இதனால்தான் வேடந்தாங்கலில் அடிக்கடி உதைக்கிறது: பறவையின் நிறம் மட்டுமில்லாமல் பின்னணியின் நிறமும் அது வ்யூஃபைண்டரில் பிடிக்கும் இடமும் சேர்ந்த கணக்கு அது. கிளையில் எந்தப் பறவை இருக்கிறது என்று பார்ப்பதைவிட அந்தக் கிளைமேல் எவ்வளவு வெயில் விழுகிறது என்று பார்ப்பதே என் முறை. வானம் தெளிவாக இருந்தால் மேனுவலில் ஒருமுறை வைத்துவிட்டால் வெள்ளையும் சரியாக வரும், கறுப்பும் சரியாக வரும். இரண்டின் மேலும் விழுவது ஒரே வெயில்தானே. வடகிழக்குப் பருவமழை மேகம் வந்து வந்து போகும் நாளில் மட்டும் ஆட்டோ ஐஎஸ்ஓவுக்கு வேலை கொடுக்கலாம். அப்போதும் அதன் மேல் வரம்பை 1600இல் பூட்டி வைப்பது பயத்தைக் காமிராவுக்கும் தொற்றவைப்பதே.

இதைச் சொன்னதும் வரும் மறுப்பு நியாயமானது. "வெளிச்சத்தை முடிந்த மட்டும் கூட்டச் சொல்கிறீர்கள், கொக்கின் சிறகு வெந்துபோனால் திரும்ப வராதே. இருட்டான படத்தில் நாய்ஸாவது இருக்கும், வெந்துபோன வெள்ளையில் ஒன்றுமே இருக்காது." முழு உண்மை. நிரம்பிய பிக்சலில் செய்தி இல்லை. ஆனால் இந்த மறுப்பு ஓர் எல்லையைச் சொல்கிறதே தவிர, அந்த எல்லைக்கு மூன்று ஸ்டாப் இப்பால் நின்றுவிடுங்கள் என்று சொல்லவில்லை. சிறகின் மிக வெளுத்த பகுதி எல்லையைத் தொடாமல் எவ்வளவு நெருங்க முடியுமோ அவ்வளவு நெருங்குவதே எக்ஸ்போஷரின் வேலை. அதற்கு ஹிஸ்டோகிராமும், வெந்த இடங்கள் கறுத்துக் கறுத்து மினுக்கும் எச்சரிக்கையும் இருக்கின்றன. காமிராத் திரையில் தெரியும் ஹிஸ்டோகிராம் ஜேபெக் படத்திலிருந்து வருவது என்பதை மட்டும் மனத்தில் வைக்க வேண்டும். ரா கோப்பில் பெரும்பாலும் அதற்கு மேலும் கொஞ்சம் இடம் இருக்கும். எவ்வளவு என்பதை அவரவர் காமிராவில் சோதித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்திச் சிவப்பில் இன்னொரு பொறியும் உண்டு. சென்சாரின் பிக்சல்களில் பாதி பச்சைக்கும் கால் பங்கு சிவப்புக்கும் கால் பங்கு நீலத்துக்கும் என்பது கோடாக்கில் பணியாற்றிய பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற அமைப்பு; இன்றும் பெரும்பாலான காமிராக்களில் அதுதான். மஞ்சள் வெயிலில் நீலப் பிக்சல்கள் பட்டினி கிடக்கும், சிவப்புப் பிக்சல்கள் நிரம்பி வழியும். திரையில் சராசரி ஹிஸ்டோகிராம் ஒழுங்காகத் தெரியும். சிவப்பு மட்டும் தனியாக வெந்திருக்கும். மூன்று நிறத்தையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமைப் பார்ப்பது இந்த ஒரு மணி நேரத்துக்காவது அவசியம்.

இதைவிடக் கூர்மையான மறுப்பு ஒன்று எதிர்ப்பக்கத்திலிருந்து வரும், படித்த இளைஞர்களிடமிருந்து. "ஐஎஸ்ஓவால் நாய்ஸ் இல்லை என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். இன்றைய சென்சாரில் காமிராவில் பெருக்குவதும் ஒன்றுதான், கணினியில் பெருக்குவதும் ஒன்றுதான். அப்படியானால் எப்போதும் ஐஎஸ்ஓ 400 வைத்துப் பின்னால் தூக்கிக்கொண்டால் வெள்ளைகளாவது பிழைக்குமே?" இதில் பாதியை நான் ஒப்புக்கொள்கிறேன். வெயிலில் அரிவாள் மூக்கன், நிழலில் நீர்க்காகம், இரண்டும் ஒரே படத்தில் வேண்டும் என்றால் ஐஎஸ்ஓவைத் தாழ்த்தி வெள்ளையைக் காத்து, நிழலைக் கணினியில் தூக்குவது சரியான முறை. தாழ்ந்த ஐஎஸ்ஓவால் வெள்ளைக்கு இடம் கூடுகிறது. கறுப்புக்கு நாய்ஸ் குறையவில்லை. எதற்காகச் செய்கிறோம் என்று தெரிந்து செய்தால் தவறில்லை. ஆனால் "எப்போதும்" என்ற சொல்லில் இடறல் இருக்கிறது. பல சென்சார்களில் ஏதோ ஓர் ஐஎஸ்ஓவில், பெரும்பாலும் 400க்கும் 800க்கும் இடையில், உள் மின்சுற்று வேறொரு நிலைக்கு மாறிச் சொந்த நாய்ஸ் சட்டென்று குறைகிறது. அதற்குக் கீழே நின்றால் அந்த லாபம் போய்விடும். ஐந்தாறு ஸ்டாப் தூக்கும்போது நிழல்கள் ஊதாவாகவோ பச்சையாகவோ சாய்வதும் உண்டு. கரையில் நின்று படத்தைத் திரையில் பார்த்தால் கறுப்புச் சதுரம்தான் தெரியும். ஃபோகஸ் கண்ணில் விழுந்ததா அலகில் விழுந்ததா என்று பார்த்துத் திருத்திக்கொள்ள வழியில்லாத முறையை நான் தொழிலில் பரிந்துரைக்க மாட்டேன்.

மாமல்லபுரம் கடற்கரைப் பக்கம் வந்தால் கதை மாறுகிறது. முட்டுக்காடு, கோவளம், கேளம்பாக்கம் கழிமுகச் சேற்றுத் திட்டுகளில் வெளிச்சத்துக்குக் குறைவில்லை. ஆனாலும் அங்கிருந்து வரும் படங்களில் நாய்ஸ் பற்றிய புலம்பல் குறைவில்லை. இரண்டு காரணம். முதலாவது, உப்பும் ஈரமும் கலந்த காற்று. உள்ளான் கூட்டத்துக்கும் லென்ஸுக்கும் இடையே வெளிறிய திரை ஒன்று தொங்குகிறது. அது படத்தின் முரணைக் குறைக்கிறது. கணினியில் மூட்டம் நீக்கும் கட்டளையை இழுத்தால் முரண் விரிகிறது. கூடவே இரண்டு பிக்சலுக்கு இடையில் இருந்த சிறிய ஏற்ற இறக்கமும் விரிகிறது. ஐஎஸ்ஓ 400இல் எடுத்த படம் 3200 போலத் தெரிவது இப்படித்தான். வெயில் ஏறியபின் சேற்றின் மேல் அலையும் கானல் தனி. அதில் எந்த அமைப்பு வைத்தாலும் இறகு இழை வராது. வராததைக் கூர்மையாக்க முயன்று நாய்ஸை வரவழைத்துக்கொள்கிறார்கள். விடியற்காலையில் போவதே மருந்து. கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் நின்று மேற்கே கழிமுகத்தைப் பார்த்தால் வெயில் முதுகுக்குப் பின்னால் இருந்து பறவையின் முகத்தில் விழும். அதே நேரத்தில் கடலைப் பார்த்து நின்றால் ஆலாக்கள் எல்லாம் நிழலுருவங்கள்.

இரண்டாவது காரணம் கத்தரிப்பு. கொசு உள்ளான் குருவி அளவுப் பறவை. 400 மில்லிமீட்டர் லென்ஸில் தூரத்தில் எடுத்து, அகலத்தையும் உயரத்தையும் பாதியாக வெட்டினால் சென்சாரில் விழுந்த வெளிச்சத்தில் முக்கால் பங்கை வெட்டி எறிந்துவிட்டோம். அதே அளவு அச்சில் பார்த்தால் ஐஎஸ்ஓ 1600 படத்தில் 6400க்கு உரிய நாய்ஸ் தெரியும். இதைக் கணக்கில் எடுக்காமல் இரண்டு காமிராக்களின் நாய்ஸை ஒப்பிடுவது வெட்டிப் பேச்சு. வேடந்தாங்கலில் நெருங்க வழியில்லை. கழிமுகத்தில் உண்டு: சேற்றில் படுத்து, பறவை தானாக இரை பொறுக்கிக்கொண்டே நம்மை நோக்கி வரும்வரை அசையாமல் இருந்தால் தூரம் பாதியாகும். பாதித் தூரம் இரண்டு ஸ்டாப்புக்குச் சமம். துரத்திக்கொண்டு போனால் பறவை எழுந்துவிடும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்து இங்கே கொழுப்புச் சேர்க்கும் பறவையை நம் நாய்ஸுக்காக எழுப்பிவிடுவது என் கணக்கில் எந்தப் படத்துக்கும் தகாது.

"இதெல்லாம் பழைய கவலை, செயற்கை நுண்ணறிவு மென்பொருள் ஒரே சொடுக்கில் நாய்ஸை எடுத்துவிடுகிறதே" என்பது இன்று அதிகம் கேட்கும் மறுப்பு. டிஎக்ஸ்ஓவின் டீப் பிரைம் 2020இல் வந்தது. அடோபி லைட்ரூமில் 2023இல் அதே வகை வசதி வந்தது. இரண்டும் திறமையானவை, ஐஎஸ்ஓ பயத்தை விடுவதற்கு இன்னொரு காரணம் என்றே அவற்றை நான் எடுத்துக்கொள்கிறேன். ஆனால் அவை எப்படி வேலை செய்கின்றன என்பதை மறக்கக்கூடாது. லட்சக்கணக்கான படங்களில் கற்றதை வைத்து, இந்தப் பொரிக்குப் பின்னால் இறகு இப்படி இருந்திருக்கும் என்று ஊகித்து நிரப்புகின்றன. செய்தி போதுமான அளவு பதிவாகியிருந்தால் ஊகம் சிறியது, பெரும்பாலும் சரியானது. பதினாறு எலக்ட்ரான் மட்டும் இருந்தால் ஊகமே படம். அழகுக்காகச் சுவரில் மாட்டும் படத்தில் அதனால் பெரிய நட்டமில்லை. கடற்கரைப் பறவைகளில் நட்டம் உண்டு. மணல்நிற உப்புக்கொத்திகளில் ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரிப்பது அலகின் நீளம், கால் நிறம், இறகின் விளிம்பு போன்ற நுட்பங்கள்; ஒரே இனமாக வைத்திருந்ததை 2023இல் பறவைப் பட்டியல்கள் சைபீரிய வகை, திபெத்திய வகை என இரண்டு இனமாகப் பிரித்திருக்கின்றன. இந்த நுட்பங்களுக்குச் சான்றாகப் படத்தை வைக்கும்போது, மென்பொருள் ஊகித்த இறகு விளிம்பு சான்றாகாது. பொரி தெரியும் மூலக் கோப்பே அங்கு நேர்மையான சாட்சி.

நாய்ஸ் இவ்வளவு பெரிய குற்றமா என்பதும் கேட்க வேண்டிய கேள்விதான். திரையில் நூறு சதவீதம் பெரிதாக்கிப் பார்க்கும் பழக்கம் வந்தபின் கவலை பெருத்துவிட்டது. பத்திரிகையில் அரைப் பக்கத்துக்கு அச்சாகும்போது நான்குக்கு நான்கு பிக்சல் ஒன்றாகிவிட்டால் பதினாறின் சராசரியில் நாய்ஸ் கால் பங்காகச் சுருங்கும். கலங்கிய கண் எத்தனை சிறிதாக அச்சிட்டாலும் கலங்கியதுதான். பத்திரிகைக்குப் படம் தேர்பவர்கள் நாய்ஸுக்காக ஒதுக்குவது அரிது. ஷட்டர் போதாமல் கண் கலங்கியதற்காக ஒதுக்குவது அன்றாடம். இரண்டில் எதைக் கைவிடுவது என்ற நிலை வந்தால் நாய்ஸை ஏற்றுக்கொண்டு கூர்மையைக் காப்பாற்றுங்கள்.

வெளிச்சம் இல்லையென்றால் ஃபிளாஷ் போடலாமே என்பது கடைசி மறுப்பு. கூட்டில் குஞ்சு இருக்கும் மரத்தின் மேல் அந்தியில் ஃபிளாஷ் அடிப்பதை நான் தொழிலாகவே ஏற்பதில்லை. கடற்கரையில் கேள்வி இன்னும் கடுமையானது. சென்னையிலிருந்து மாமல்லபுரம்வரை நீளும் இந்த மணலில் தை முதல் பங்குனிவரை பங்குனி ஆமைகள் இரவில் ஏறி முட்டையிடுகின்றன. மாணவர்கள் நடத்தும் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு 1988 முதல் சென்னைக் கரையில் இரவு நடை போய் முட்டைகளைக் காக்கிறது. கரையேறும் ஆமை வெளிச்சம் கண்டால் முட்டையிடாமலே திரும்பிவிடக்கூடும். குஞ்சுகள் விளக்கைக் கடலின் மினுக்கம் என்று நினைத்து எதிர்த்திசையில் ஊர்ந்துபோகும். நட்சத்திர வெளிச்சத்தில் முட்டையிடும் ஆமையை எடுக்க எந்த ஐஎஸ்ஓவும் உதவாது. நீண்ட நேரம் ஷட்டரைத் திறந்துவைத்தால் நம் கரையின் வெப்பத்தில் சென்சார் தன் பங்குக்கும் பொரி சேர்க்கும். அந்தப் படத்தை எடுக்காமல் விடுவதே சரி. எடுக்கக்கூடியது வேறொன்று: பொரிப்பகத்திலிருந்து குஞ்சுகளை அந்தி வெளிச்சத்திலோ விடியலிலோ கடலில் விடும் வேளை. குஞ்சு மெதுவாகவே நகரும், 1/250 போதும். லென்ஸ் எஃப் 4க்குத் திறந்திருக்கட்டும். ஐஎஸ்ஓ 6400க்கோ 12,800க்கோ போகட்டும். வெளிறிய மணல் படத்தில் பெரும்பகுதியைப் பிடித்திருப்பதால் மீட்டர் அதை நடுச்சாம்பலாக இருட்டாக்கப் பார்க்கும். கரும்சாம்பல் குஞ்சு அதற்கும் கீழே, நாய்ஸ் குடியிருக்கும் நிழலுக்குள் விழுந்துவிடும். ஆகவே அங்கே ஒரு ஸ்டாப் கூட்டியே வைக்க வேண்டும், அதற்காக ஐஎஸ்ஓ இன்னொரு படி ஏறினாலும் சரி.